சொல்லி அனுப்பப்பட்டவர்கள்

சொல்லி அனுப்புகிறோம் என்று சொன்னவர்கள் எல்லோரும் உண்மையாகவே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள் என்பது எங்கள் மேட்டுத் தெருவுக்கு ஒரு வெங்காய அறுவடைக் காலத்தில்தான் தெரியவந்தது. தெரு நெடுகச் சாக்கு விரித்துச் சின்ன வெங்காயம் காய்ந்துகொண்டிருந்த அந்தக் காலையில், முழங்கால் வரை செம்மண் படிந்த ஒரு மனிதர் மேற்கேயிருந்து வந்தார். வெங்காயத்தை மிதிக்காமல் இடைவெளி பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்து, பஸ் கண்டக்டர் கலியமூர்த்தியின் வீட்டு வாசலில் நின்று, "பூவரசன் வீடு இதுதானுங்களா?" என்று கேட்டார்.

மடியில் யாருடையதோ ஜாக்கெட்டை வைத்துக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த அலமேலு, ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். பூவரசன் அவள் மகன்.

"ஆமா. நீங்க?"

"சொல்லி அனுப்பினாங்க."

"யாரு?"

"தம்பி இன்டர்வியூவுக்கு வந்திருந்தாராமே, அவங்கதான்."

அலமேலு உள்ளே திரும்பிக் கூப்பிட்ட கூப்பாட்டில் பூவரசன் பல் தேய்த்த நுரையோடு ஓடி வந்தான். "என்ன சொல்லி அனுப்பினாங்க?" என்று கேட்டான். வந்தவர் வாயைத் திறந்தார், திறந்த வாய் திறந்தபடியே சற்று நேரம் இருந்தது, பிறகு மூடிக்கொண்டது.

"வழியில எங்கேயோ மறந்துபோச்சு தம்பி. நடந்து வர்றது லேசா? எத்தனை ஊரு, எத்தனை நாயி."

"பஸ்ல வந்திருக்கலாமே?"

"சொல்லித்தான் அனுப்பினாங்க," என்றார் அவர். "காசு கொடுத்து அனுப்பல."

பூவரசன் பயோடெக்னாலஜி படித்தவன். எங்கள் தெரு அதைக் கிருமிப் படிப்பு என்று சொல்லும். படித்து முடித்த நாளிலிருந்து, அயர்ன் செய்த ஒரே வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, சான்றிதழ் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவன் ஏறாத படி இல்லை, குளிர்ந்த அறைகளில் உட்கார்ந்து அவன் பதில் சொல்லாத கேள்வி இல்லை. கடைசியில் எல்லா இடத்திலும் அவர்கள் ஒரே மாதிரி புன்னகைத்து, ஒரே மாதிரி பேனாவை மூடி, "சரி தம்பி, சொல்லி அனுப்பறோம்" என்பார்கள். அதற்கு இனி வராதே என்று பொருள் என்பது வேலை தேடுகிற எல்லோருக்கும் தெரியும், பூவரசனுக்கும் தெரியும். அலமேலுவுக்குத்தான் தெரியாது. வாய் திறந்து சொன்ன வார்த்தை எங்கேயாவது நடந்துகொண்டுதான் இருக்கும், வந்து சேரும் என்று நம்புகிறவள் அவள். மகன் ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்பாள், "சொல்லி அனுப்பறாங்களாம்" என்பான், அன்றைக்கு உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாக விழும், வருகிறவர் பசியோடு வருவாரே என்று.

ஆகவே அந்த மனிதர் வந்ததில் அவளுக்கு வியப்பொன்றும் இல்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்றுதான் கேட்டாள்.

அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்தார்கள். கழுத்தில் டை கட்டி, கீழே பிய்ந்த செருப்போடு ஒருவர் வந்தார். ஒரே கம்பெனியில் இரண்டு அதிகாரிகள் சேர்ந்து கேள்வி கேட்டதால் அங்கிருந்து இரண்டு பேர் வந்தார்கள், யார் வாயால் சொல்வது என்று வழியெல்லாம் சண்டை போட்டு அந்தச் சண்டையில் சொல்ல வந்ததைத் தொலைத்திருந்தார்கள். மழைக்காலத்தின் வாலில், சிவப்புக் குடை பிடித்த ஒரு நடுவயதுப் பெண் வந்தாள். மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் பூவரசனின் முகத்தில் ஓடிய ஒளியைத் தெருவே பார்த்தது. அவன் போன இடங்களிலேயே அவனுக்கு டீ கொடுத்த ஒரே இடம் அது. அவன் சொன்ன பதிலுக்கு அங்கிருந்த அம்மையார் வாய்விட்டுச் சிரித்து, "இப்படி யோசிக்கிற ஆளுதான் வேணும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதை அவன் தன் காதால் கேட்டிருந்தான்.

"நல்ல சேதியா?" என்றான்.

"இருக்கலாம் தம்பி," என்றாள் குடைக்காரம்மா. "கனமா இருந்துச்சு. அது மட்டும் ஞாபகம் இருக்கு."

எங்கள் தெரு ஆச்சரியப்படுவதற்கு நேரமில்லாத தெரு. வந்தவர்கள் எங்கே படுப்பார்கள், யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள், பொங்கலுக்கு இருந்தால் வேட்டி சேலை எடுக்க வேண்டுமா என்பதைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. அவர்கள் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினார்கள், மோர் கிடைத்தால் குடித்தார்கள், காயும் வெங்காயத்தை மழை வருமுன் அள்ளிக் கொடுத்தார்கள். எதிர்வீட்டுப் பச்சையம்மாவுக்குத்தான் அடங்கவில்லை.

"டேய் பூவு, இவங்களுக்காவது ஒரு வேலை இருக்குடா, வந்து சொல்ற வேலை. உனக்கு அதைக் கேக்கற வேலைதான் மிச்சம்."

"கேக்கறதும் கஷ்டம்தான் அத்தை," என்பான் அவன். "நீங்க பேசறதைக் கேட்டே எனக்கு அனுபவம் வந்துடுச்சு."

மற்ற தாய்மார்களுக்குப் பொறாமை. "எம் பையனுந்தான் கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கினான், அவனைத் தேடி ஒரு காக்காயாவது வந்துச்சா?" என்று மூலை வீட்டம்மா அழுதாள். கல்யாணத் தரகர் ஒருவர், இத்தனை ஆள் தேடி வருகிற மாப்பிள்ளை லேசுப்பட்டவர் இல்லை என்று இரண்டு இடத்தில் சொல்லியும் வைத்தார்.

தங்கள் சேதியை மறந்தவர்களே தவிர, வேறு எதையும் அவர்கள் மறப்பதில்லை என்பதைப் பிற்பாடு தெரு கண்டுகொண்டது. ரேஷனில் பாமாயில் வந்ததா என்று கேட்டு வரச் சொன்னால் கேட்கச் சொன்னவரின் குரலிலேயே கேட்டார்கள், பதில் சொன்னவரின் குரலிலேயே வந்து சொன்னார்கள். ஆகவே பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் எல்லாம் அவர்களைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பச்சையம்மாவுக்கும் அடுத்த வீட்டில் இருந்த அவள் நாத்தனாருக்கும் ஒரு சாக்கடையின் பொருட்டுப் பேச்சு நின்று பல வருடம். டை கட்டியவரைக் கூப்பிட்டு, "குப்பையைச் சாக்கடையில தள்ளாதேன்னு அந்த மகராசிகிட்ட சொல்லு" என்றாள். அவர் போய் பச்சையம்மாவின் குரலில் அதைச் சொன்னார், சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. பச்சையம்மா சொல்லாமல் தொண்டையோடு விழுங்கிவிட்டிருந்த பேச்சும் அந்த மனிதரோடு கூடவே போயிருந்தது. "எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்போ நீ ஒரு எட்டு வந்து பார்க்கலையேடி" என்று அதே குரலில் அவர் சொன்னதும், நாத்தனார் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டுச் சாக்கடையைத் தாண்டி ஓடினாள். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையையும் அழுத அழுகையையும் தெரு வேலைவெட்டியை விட்டுக் கேட்டது. அதன் பிறகு, சேதி சொல்லி அனுப்புகிறவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசித்தார்கள்.

கலியமூர்த்தி அதை அறியாதவரல்ல. நாள் முழுவதும் ஊர்ப் பெயர்களைக் கூவிக் கூவி, வீட்டில் பேச வார்த்தை மிச்சமில்லாத மனிதர் அவர். மகனிடம் நேராகப் பேசுவதை என்றைக்கோ நிறுத்தியிருந்தார், சொல்ல வேண்டியதை, "உம் மவன்கிட்ட சொல்லு" என்று அலமேலுவிடம் சொல்வார். ஒரு சாயங்காலம் அவர் வந்தபோது அலமேலு தையல் கடைக்குப் போயிருந்தாள். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வாசலில் இருந்த குடைக்காரம்மாவிடம், உள்ளறையைப் பார்க்காமலே, "சாப்ட்டானான்னு கேளுங்க" என்றார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். "சாப்ட்டியா?" என்றாள், கலியமூர்த்தியின் கரகரத்த குரலில். பிறகு அதே குரல், இன்னும் தாழ்ந்து, சொன்னது: "முன்படியில நின்னா தெரிஞ்சவங்க ஏறுவாங்க. பையன் என்ன பண்றான்னு கேப்பாங்க. அதான் எப்பவும் பின்படியிலயே நிக்கறேன்."

பூவரசன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். திரும்பாமலே, "சாப்ட்டேன்னு சொல்லுங்க" என்றான்.

அவள் வாசலுக்குத் திரும்பி வந்து, "சாப்ட்டேன்" என்றாள் மகனின் குரலில். "ஒவ்வொரு வாயும் என்னை ஒரு கேள்வி கேட்டுட்டுத்தாம்ப்பா உள்ள போகுது."

 மறுநாளிலிருந்து கலியமூர்த்தி முன்படியில் நிற்கிறார் என்று வண்டியில் போய்வந்தவர்கள் சொன்னார்கள். பையன் என்ன பண்றான் என்று கேட்டவர்களிடம், "தேடிக்கிட்டிருக்கான், உங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லுங்க, டிக்கெட் எங்க?" என்றாராம்.

தை பிறந்ததும் அவர்களுக்கு ஞாபகம் வரத் தொடங்கியது. முதலில் வந்த செம்மண் கால்காரர், அலமேலுவுக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நூல் ஊசிக் காதுக்குள் நுழைந்த அந்தக் கணத்தில், "இல்லை" என்றார்.

"என்ன இல்லை?"

"இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க. இப்போதைக்கு இடம் இல்லை. அவ்வளவுதான்." அவர் முகம் வெகுநாள் அடைத்திருந்த காது திறந்துகொண்டவர் முகம் போல மலர்ந்தது. ஊசியை அவள் கையில் கொடுத்தார், ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வந்தபோது இருந்த களைப்பில் பாதிகூட இல்லாமல் மேற்கே நடந்து போனார்.

பூவரசன் அழுவான் என்று நினைத்தோம். அவன் பாயை விரித்துப் படுத்து, வெயில் இறங்கும்வரை தூங்கினான். தூங்கி எழுந்து, "அந்தக் கம்பெனியைப் பத்தி இனிமே யோசிக்க வேண்டாம் இல்ல?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டான். இல்லை என்ற சொல்லுக்காகக்கூட ஒரு மனிதன் ஏங்க முடியும் என்பதை நாங்கள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். அது வரும்வரை, அவன் மனதில் ஒரு நாற்காலி அவனுக்காகக் காலியாகவே கிடக்கும், அதைத் தினமும் துடைத்து வைக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொருவராக ஞாபகம் வந்து, ஒவ்வொருவராக இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். ஒருவருக்குச் சோறு பிசையும்போது வந்தது, ஒருவருக்குத் தும்மும்போது வந்தது. சண்டைக்காரர்கள் இருவரும் கடைசிவரை சண்டையிட்டு, இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான் கொடுக்கப்பட்டிருந்தது என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுத் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள். ஆனால் டை கட்டியவர் மட்டும் ஒரு தப்பு செய்தார். பூவரசன் கரூருக்கு இன்டர்வியூவுக்குப் போயிருந்த நாளில், வீட்டில் குடைக்காரம்மா உட்பட ஒருவரும் இல்லாத பகல் பொழுதில், அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. வந்த சொல்லை அடக்க முடியாமல் காலி அறையிலேயே சொல்லிவிட்டார். சொன்னபின் அது அவரிடம் இல்லை. தெருமுனையில் எதிர்ப்பட்ட அலமேலுவிடம், "சொல்லிட்டேம்மா" என்றார். "என்ன சொன்னீங்க?" என்று அவள் கேட்டதற்கு விழித்தார்.

அது என்ன சொல் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிதான் கேட்டிருக்கிறது.

அன்றோடு பூவரசன் வெளியே போவதை நிறுத்தினான். மிச்சம் இருந்தது குடைக்காரம்மா மட்டும்தான், அவள் கொண்டுவந்ததோ மலையடிவாரத்துச் சொல். அது காலி வீட்டில் சிந்திவிடக் கூடாதே. இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தபோதும் போகவில்லை. சந்தையில் வெங்காய மண்டிக்காரர், "சும்மா இருக்கற நேரத்துக்கு வந்து எடை போடு தம்பி" என்று கூப்பிட்டதற்கும் போகவில்லை. நண்பனின் கல்யாணத்துக்கு வாசல்வரை சட்டை மாட்டிப் போய்த் திரும்பி வந்தான். குடைக்காரம்மா உட்கார்ந்த இடத்துக்கு எதிரே அவனும் உட்கார்ந்திருந்தான், மழைக்குக் காத்திருக்கிற நிலமாக. அவன் தாடையில் மயிர் அடர்ந்தது, மண்டிக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார், எங்கள் தெருவில் அவனுக்குப் பின்னால் பிறந்தவர்கள் வளைகாப்புக்கும் பெயர்சூட்டு விழாவுக்கும் பத்திரிகை நீட்டினார்கள்.

இதற்கிடையில் அலமேலுவும் குடைக்காரம்மாவும் அக்கா தங்கையைப் போல ஆகியிருந்தார்கள். ஒருத்தி கொக்கி தைத்தால் ஒருத்தி பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுத்தாள். பூவரசன் கவனிக்க நெடுநாள் ஆனது ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் புருவம் நெருங்கி, உதடு மெல்லப் பிரிந்து, ஏதோ ஒன்று நாக்கின் நுனிக்கு வரும்போதெல்லாம் அலமேலு எதையாவது கேட்டாள்.

"டீ போடட்டுமாக்கா?"

"இந்த நூல் பச்சையா நீலமா, பாத்துச் சொல்லுங்க."

"கால் வலிக்குதுன்னீங்களே, தைலம் தேய்ச்சு விடவா?"

புருவம் தளர்ந்துவிடும். வந்தது திரும்பிப் போய்விடும்.

சித்திரையில் ஒரு பிற்பகல், குடைக்காரம்மாவின் கை காஜா எடுத்தபடியே நின்றது. உதடு பிரிந்தது. அலமேலு, "அக்கா, வெத்தலை" என்று தொடங்கியபோது பூவரசன், "அம்மா" என்றான். அவன் அப்படி ஒரு குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

"அவங்களை யோசிக்க விடு."

"நான் என்னடா பண்ணேன்? வெத்தலை வேணுமான்னுதான்..."

"எத்தனை நாளா பண்ற இதை?"

அலமேலு ஜாக்கெட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அவங்களும் சொல்லிட்டாங்கன்னா போயிடுவாங்கடா. அப்புறம் நமக்கு என்ன இருக்கு? இப்பன்னா, வரப்போவுதுன்னு ஒரு நெனப்பாவது இருக்கு. மத்தவங்க எல்லாரும் இல்லைன்னு சொல்லிட்டுப் போனாங்களே, அப்ப உன் மூஞ்சியைப் பாத்தது நீயா நானா?"

"நான் தூங்கினேம்மா."

"நீ தூங்கின. நான் தூங்கல."

 பூவரசன் எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டான், அவள் எதையும் நீட்டிவிடாதபடி. "சொல்லுங்கம்மா," என்றான் குடைக்காரம்மாவிடம். "நாங்க கேக்கறோம்."

எதிர்வீட்டு வாசலில் பச்சையம்மா புளி உருண்டையோடு அப்படியே நின்றாள். குழாயடியில் குடங்கள் நின்றன. குடைக்காரம்மா கண்ணை மூடினாள். நீண்ட வழியெல்லாம் அவள் கடந்து வந்த ஊர்கள் அவள் மூடிய இமைகளின் அடியில் பின்னோக்கி ஓடுவது போல, ஆறுகள், சந்தைகள், சுடுகாடுகள், புளியமரச் சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக் கடைசியில் ஒரு கட்டடத்தின் வாசலில் போய் நிற்பது போல, அவள் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. பிறகு அவள் கண்ணைத் திறந்து, வாய்விட்டுச் சிரிக்கத் தெரிந்த ஒரு அம்மையாரின் குரலில் சொன்னாள்:

"சொல்லி அனுப்பறோம்னு சொல்லச் சொன்னாங்க."



"அவ்வளவுதானா?" என்றான் பூவரசன்.

"அவ்வளவுதான் தம்பி. இதுக்குப் போயி ஏன் இவ்வளவு கனமா இருந்துச்சுன்னு எனக்கே தெரியல." அவள் தன் குரலுக்குத் திரும்பியிருந்தாள். மடியில் இருந்த நூலை உதறிவிட்டு எழுந்து, குடையை எடுத்துக்கொண்டாள். வாசற்படியில் நின்று அலமேலுவின் கன்னத்தைத் தொட்டு, தொட்ட விரலை முத்தமிட்டுக்கொண்டு இறங்கினாள்.

அலமேலு அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவள் முகத்தில், சாம்பலுக்கு அடியில் ஊதினால் தெரிகிற கங்கு போல, ஒன்று கனியத் தொடங்கியது. "டேய்," என்றாள். "அப்படின்னா இன்னொரு ஆளு கிளம்பியிருக்கும். இல்லையா? சொல்லி அனுப்பறோம்னா, அனுப்பியிருப்பாங்க. இந்நேரம் பாதி வழி வந்திருக்கும்." அவள் கை தானாகவே அரிசிப் பானையின் பக்கம் போனது.

பூவரசன் அந்தக் கையைப் பார்த்தான். எத்தனை உலைகளில் எத்தனை பிடி கூடுதலாகப் போட்ட கை, ஊசி குத்திக் குத்தி விரல்நுனி மரத்துப்போன கை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மெல்லத்தான் வந்தது, பிறகு அவன் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பச்சையம்மா, "பயலுக்குக் கழண்டு போச்சு" என்றாள், சொல்லிவிட்டு என்னவோ அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துப் பூவரசன் முகம் கழுவினான். கண்ணாடியில் தாடியைப் பார்த்து, பரவாயில்லை என்று விட்டான். வெள்ளைச் சட்டை வேண்டாமென்று கொடியில் கிடந்த கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டான். சான்றிதழ் பையைத் தேடவில்லை. வெகுநாள் போடாததால் செருப்பின் வார் விறைத்திருந்தது, குனிந்து அதை வளைத்து இளக்கினான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"தெரியலம்மா. முதல்ல மண்டிப்பக்கம் போய்ப் பாக்கறேன். அங்க இல்லைன்னா இன்னும் கொஞ்ச தூரம். ராத்திரி சோத்துக்கு வந்துடுவேன்."

"இன்டர்வியூ ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

அவன் படியிறங்கி, காயும் வெங்காயத்தை மிதிக்காமல் தெருவின் பாதிவரை போயிருப்பான். அலமேலு அரிசிப் பானை மூடியைக் கையில் வைத்தபடியே வாசலுக்கு ஓடி வந்தாள். "டேய் பூவு, நீ பாட்டுக்குப் போற, அந்த ஆளு இன்னிக்கே வந்து நின்னா நான் என்னடா சொல்றது?"

அவன் நிற்காமல், தலையை மட்டும் திருப்பினான்.

"இல்லைன்னு சொல்லிடும்மா."